ஐந்தே முக்கால் வண்டியும் உன் யூனிவர்சிட்டி வண்டியும்

வெள்ளிமலை அஞ்சல்,
8.3.1999, திங்கட்கிழமை.

அன்பு மகள் கமலாவுக்கு அம்மா எழுதுவது. மலைச்சாமி கரிராமர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், உன் நலத்தை நாலு வரிக்கு மேல் எழுதி அனுப்பினால் இன்னும் கொஞ்சம் நலமாக இருப்போம். உன் கடிதம் வந்து இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாளை அடுப்பில் போட்டுவிட்டேன். முதல் தாளில் உன்னைத் திட்டியிருந்தேன், இரண்டாவதில் உன் யூனிவர்சிட்டியைத் திட்டியிருந்தேன், மூன்றாவதில் ஒரே அழுகை, மூன்றும் உனக்கு எதற்கும் ஆகாது. இது நாலாவது. கோழி கூவினதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஐந்தே முக்கால் வண்டி கிளம்புவதற்குள் முடித்துக் கண்டக்டர் கையில் கொடுத்தால் அவர் கள்ளக்குறிச்சியில் இறங்கியதும் தபாலில் போட்டுவிடுவார். வண்டி நம் வாசலுக்கு எதிரே பள்ளிக்கூடத்து மைதானத்தில்தான் நிற்கிறது, எழுதும்போதே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே டிரைவர் கொளஞ்சியப்பன் இன்னும் போர்வையை விலக்கவில்லை.

உன் நாலு வரியும் எனக்கு மனப்பாடம். டிரைவருக்குத் தேன் கொடுத்தது எனக்குத் தெரியாது என்று சொன்னால் இங்கே ஒருவரும் நம்பவில்லை என்றாய். யூனிவர்சிட்டி வண்டி ஓட்டுகிற தங்கதுரை அண்ணனுக்கு மெமோ கொடுத்து வண்டியிலிருந்து இறக்கி ஷெட்டில் உட்கார வைத்துவிட்டார்கள் என்றாய். பங்குனிக் கடைசியில் நூலகத்து வேலையை நீட்டிப்பார்களா என்று தெரியாது, எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள் என்றாய். இனிமேல் என் விஷயமாக யாரிடமும் போய்ப் பேசாதே, நான் இப்போது சைக்கிளில் போகிறேன், சித்திரைக்கு ஊருக்கு வரமாட்டேன் என்று முடித்துவிட்டாய். அன்புள்ள என்றுகூடக் கையெழுத்துக்கு மேலே போடவில்லை. அப்பாவிடம் படித்துக் காட்டும்போது அந்தக் கடைசி வரியை மட்டும் முழுங்கிவிட்டேன். அவர் வேறு சித்திரைக்கு நீ வருவாய் என்று பலா மரத்தில் எந்தக் காயை விடுவது என்று தினமும் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் என்ன செய்தேன் என்று எனக்கே ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறது, பொறுத்துப் படி. பொங்கல் கழிந்து உன்னைப் பார்க்க வந்தேனே, உளுந்தூர்பேட்டையில் வண்டி மாறி, அந்த லாரிப் புகையில் ஒரு மணி நேரம் நின்று, வந்து சேர்ந்தபோது நீ என்னைக் கட்டிக்கொண்டாய். மறுநாள் காலை குழாயடியில் உன் முறை வந்து, இரண்டு குடம் பிடித்து வைத்து, தலை வாரியும் வாராமலும் நீ ஓடினாய், நான் உன் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் யூனிவர்சிட்டி வண்டி நின்றுகொண்டிருந்தது. நீ கையைத் தூக்கினாய். டிரைவர் கண்ணாடி வழியே பார்த்தார், அதை நானும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எட்டே கால் என்றால் எட்டே கால்தானாம். நீ சிரித்தாய். அதற்குள் அந்த மாதத்தில் இரண்டு முறை தாமதம் என்று நூலகத்து ரிஜிஸ்டரில் உன் பேருக்கு நேரே சிவப்பு மை விழுந்துவிட்டது, மூன்றாவதும் விழுந்தால் வேலையை நீட்டிக்கிற பேச்சே கிடையாது என்று நீயே ராத்திரி சாப்பிடும்போது சொல்லியிருந்தாய்.

அன்றைக்கு உன்னோடு கூடவே டவுன் பஸ்ஸில் வந்தேன், உனக்கு ஞாபகமிருக்கும். அதில் படியில் மட்டும் பதினைந்து பையன்கள், புத்தகத்தை எல்லாம் ஜன்னல் வழியே உட்கார்ந்திருந்த பெண்கள் மடியில் போட்டுவிட்டு ஒரு கையில் தொங்குகிறார்கள். நம் மலையில் மரவள்ளி லாரி மேலே ஏறிப் போகிறவர்கள்கூட இவர்களைப் பார்த்தால் கும்பிடு போடுவார்கள். அது யூனிவர்சிட்டி கேட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டது, அங்கேயிருந்து நூலகம் வரைக்கும் ஒரு மைல் வெயிலில் நடை. சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் திரும்பினோம், டிரைவருக்கு இரண்டு பக்கமும் ஆளை வைத்து, உன்னை விளிம்பில் உட்கார வைத்து, நான் உன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்தேன். அதைவிட எனக்குப் பொறுக்காதது அந்தப் பேராசிரியர்கள் கார். ஒரு காரில் ஒரு ஆள், மீதி இடமெல்லாம் காலி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உன் பஸ்ஸைத் தாண்டித் தாண்டிப் போகிறது, ஒன்று போனால் இன்னொன்று. நம் ஊர் ஜீப்பில் இருபத்திரண்டு பேர் போவோம். இவ்வளவு படித்தவர்கள் இருக்கிற ஊரில் இதை யாரும் யோசிக்கவில்லையா என்று கேட்டேன், நீ மெதுவாகப் பேசு என்றாய். கேட்டுக்குப் பக்கத்தில் அறை பார்க்கலாம் என்றால் பொழுது போனால் ஆள் நடமாட்டமில்லை, பணியாளர் விடுதி என்றால் உனக்கு முன்னால் நாற்பது பேர், கூட வேலை பார்க்கிறவள் விற்கிற மொபெட் என்றால் அப்போது நான்தான் வேண்டவே வேண்டாம் என்றேன். ஆக எல்லா வழியும் யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது, அந்த எட்டே கால் வண்டி உனக்காக இரண்டு நிமிஷம் நிற்க வேண்டும்.

இது எனக்குத் தப்பாகவே தோன்றவில்லை கமலா, சத்தியமாகத் தோன்றவில்லை. நீ பிறந்து வளர்ந்த ஊரில் வண்டி அப்படித்தானே போகிறது. ராத்திரி வந்து தங்குகிற வண்டிக்கு வீட்டுக்கு வீடு முறை வைத்து டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சோறு போடுகிறோம், காலையில் முறை வீட்டுக்காரர் வந்து ஏறாமல் வண்டி நகராது. நீ கச்சிராயபாளையம் பள்ளிக்கூடத்துக்குப் போன இரண்டு வருஷமும் கொளஞ்சியப்பன் நம் வாசலைப் பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டு நின்றார், நான் உனக்குப் பின்னல் போட்டுவிட்டு, இதோ வந்துவிட்டாள் சாமி என்று கத்துவேன். மற்ற வீடுகளுக்கு வாரத்தில் ஒரு நாள் என்றால் நமக்கு இரண்டு நாளாக முறையை வாங்கிக்கொண்டேன், உனக்கு வண்டி தவறக்கூடாது என்றுதான். சத்துணவுக் கூடத்தில் நூறு பிள்ளைகளுக்குப் பொங்கிவிட்டு வந்து ராத்திரி இவர்களுக்கும் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். நீ படித்தது அந்தக் குழம்பில்தான் என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் ஊருக்குக் கிளம்புகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு, நேராக அந்த வண்டி நிற்கிற இடத்துக்குப் போனேன். மணி எட்டுகூட ஆகவில்லை. தங்கதுரை கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். உனக்கென்று கொண்டுவந்ததில் ஒரு பாட்டில் தேனும் தினை மாவும் எடுத்து வைத்திருந்தேன். சாமி, எம் பொண்ணு கமலா, லைப்ரரியில் இருக்கிறாள், ரோட்டைத் தாண்டி வருவதற்குள் நீங்கள் போய்விடுகிறீர்கள், இரண்டே நிமிஷம் நில்லுங்கள் என்றேன். அதெல்லாம் வேண்டாம்மா, எடுத்துக்கினு போங்க என்றுதான் அவர் சொன்னார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லித்தான் நம் ஊரில் எல்லாரும் வாங்கிக்கொள்வார்கள், நான் பையை அவர் சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் நிம்மதி. தியாகதுருகம் வந்தபோது ஜன்னல் கம்பியில் தலை வைத்துத் தூங்கிக்கூடப் போனேன்.

அப்புறம் நடந்தது, நீ ஆபீஸுக்கு எழுதிய விளக்கத்தின் நகலைக் கடிதத்தோடு மடித்து வைத்திருந்தாயே, அதில்தான் எனக்குத் தெரியும். எட்டு நாள் அவர் நின்றார், நீ உன் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு ஏறினாய். ஒன்பதாம் நாள் அந்த இரண்டு நிமிஷத்தால் ரயில்வே கேட் மூடிவிட்டது, அடுத்தடுத்து இரண்டு ரயில், இருபத்தைந்து நிமிஷம் வண்டி வெயிலில் நின்றது. உள்ளே அறுபது பேர், வேலைக்குப் போனவர்களுக்கெல்லாம் ரிஜிஸ்டரில் சிவப்பு மை, பரீட்சை எழுதப் போன பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். யாரோ எழுந்து ஏன் இந்தப் பெண்ணுக்காகத் தினமும் நிற்கிறாய் என்று கேட்க, யாரோ சீட்டுக்குப் பின்னால் இருந்த பையை எடுத்துக் காட்ட, தேன் பாட்டில் மேலே நான் கட்டியிருந்த துணிகூட அவிழ்க்காமல் இருந்ததாமே. தேனைத் தொடாத ஆள் எதற்காக எட்டு நாள் நின்றார் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், விடை கிடைக்கவில்லை. நின்றதற்கு நான் கொடுத்த கூலி அவருக்கு மெமோ.

ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், போன புதன்கிழமை வரைக்கும் எனக்குக் கோபம்தான் இருந்தது. இரண்டு நிமிஷத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்றுதான் அப்பாவிடம் கத்திக்கொண்டிருந்தேன். புதன்கிழமை அப்பாவுக்குக் கண் காட்டப் புறப்பட்டோம். வலது கண்ணில் புரை நன்றாக முற்றிவிட்டது, சாமை எது கல் எது என்று தெரியாமல் கையால் தடவிப் பார்க்கிறார், உனக்கு எழுத வேண்டாம் என்றார், நான் எழுதிவிட்டேன். தியாகதுருகத்தில் முகாம், ஒன்பதரைக்குள் பேர் கொடுத்தால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய் ஆப்பரேஷன். நாங்கள் ஐந்தரைக்கே வண்டியில் ஏறி உட்கார்ந்தாயிற்று. அன்றைக்கு முறை மேலத்தெரு ராணியம்மாள் வீடு. அவள் வரவில்லை. ஹாரன் அடிக்கிறார், இதோ இதோ என்று குரல் வருகிறது, ஆள் வரவில்லை. கடைசியில் கால் மணி கழித்து இரண்டு கோழியைக் கூடையில் அமுக்கிக்கொண்டு சாவகாசமாக வந்து ஏறுகிறாள், ஒன்று தப்பித்து ஓடிவிட்டதாம், அதைப் பிடிக்க நேரமாகிவிட்டதாம். நான் எழுந்து டிரைவரிடம் போய் நறுக்கென்று கேட்டேன், ஒரு கோழிக்காக இத்தனை பேரை உட்கார வைப்பீர்களா என்று. கொளஞ்சியப்பன் திரும்பிக்கூடப் பார்க்காமல், “இன்னாம்மா பண்றது, சோறு போட்ட வூட்டுக்காரங்கள வுட்டுட்டு வண்டிய எடுத்துக்கினு போவ முடியுங்களா?” என்றார்.

கேட்டுக்கொண்டு என் இடத்துக்கு வந்தால், பின் சீட்டில் முனியன். கள்ளக்குறிச்சிக்குக் கொத்து வேலைக்குப் போகிறானே, நீ சின்ன வயதில் சித்தப்பா என்று கூப்பிடுவாயே, அவன்தான். அவன் குரலை உயர்த்தவே இல்லை. “ஒம் பொண்ணு படிச்ச ரெண்டு வருசமும் எனக்கு வாரத்துல ரெண்டு நாளு வேல பூட்ச்சி. லேட்டா போனா மேஸ்திரி வேற ஆள எடுத்துக்குவான். நான் எதனா கேட்டனா யக்கா?” என்றான். வாரத்தில் இரண்டு நாள் என்றால் அது நம் முறை நாள்தான் கமலா. நான் வாசலில் நின்று உனக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன், வண்டிக்குள் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை.

கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்தபோது தியாகதுருகம் வண்டி வெளியே போய்க்கொண்டிருந்தது. அப்பாவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நான் ஓடினேன், மறு கையைத் தூக்கினேன். அந்த டிரைவரும் கண்ணாடியில் பார்த்தார். அடுத்த வண்டி பிடித்துப் போனபோது முகாமில் மேஜையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். இனி ஆடி மாதம்தான் முகாமாம். அப்பா ஒரு டீ குடிக்கலாமா என்று மட்டும் கேட்டார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நான் அழுதேன், அவருக்குக் கண் சரியாகத் தெரியாததால் டீ சுடுகிறதா என்று கேட்டார். உன் வண்டியில் இருந்த அறுபது பேரும் என் எதிரே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பரீட்சைக்குப் போன பிள்ளைகளின் அம்மாக்கள் என்னை என்னவெல்லாம் சொல்லியிருப்பார்களோ.

நான் செய்தது தப்பு கமலா. உனக்குத் தெரியாமல் செய்தது ஒரு தப்பு, தங்கதுரை வேண்டாம் என்றதைக் காதில் வாங்காதது இன்னொரு தப்பு. இதை நேரில் சொல்ல அன்றைக்கே பஸ் ஏறி வந்துவிடலாம் என்று துடித்தேன். அப்பாதான் கையைப் பிடித்து உட்கார வைத்தார், மறுபடியும் அவளைக் கேட்காமல் போகிறாயா என்றார். அதனால் இதோடு ஒரு தனித் தாள் வைத்திருக்கிறேன். அது உன் ஆபீஸருக்கு எழுதியது. பையை வைத்தது நான், பெண்ணுக்குத் தெரியாது, டிரைவர் வேண்டாமென்றுதான் சொன்னார், எங்கள் மலையில் வண்டிக்குச் சோறு போடுகிற வழக்கத்தை நினைத்து நான் செய்துவிட்டேன் என்று எழுதி, சத்துணவு அமைப்பாளரிடம்கூடக் காட்டாமல் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மேலே விலாசமும் எழுதிவிட்டேன், இரண்டு தடவை தனியாகவே தபாலில் போட எடுத்துப் போய்த் திரும்பி வந்தேன். போடவில்லை. அதனால் உனக்கு நல்லது நடக்கும் என்று நீ நினைத்தால் கொண்டுபோய்க் கொடு. கெடுதல் என்று தோன்றினால் கிழித்துப் போடு, ஏன் கிழித்தாய் என்று நான் கேட்கமாட்டேன். தங்கதுரை அண்ணனை ஷெட்டில் பார்த்தால் இருசம்மாள் கும்பிடு சொன்னாள் என்று சொல், வேறு ஒன்றும் கொடுக்காதே.

இப்போது சைக்கிள். இதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. நம் ஊரில் ஏறினால் மேடு, இறங்கினால் பள்ளம், ஆம்பிளைகளே சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகிறார்கள், நீ எப்போது கற்றாய், யார் பிடித்துவிட்டார்கள், எத்தனை தடவை விழுந்தாய், ஒன்றும் எழுதவில்லை. ஏழு கிலோமீட்டர், லாரி போகிற ரோடு. சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொள், சக்கரத்தில் மாட்டினால் ஆளைச் சுருட்டிவிடும். ரயில்வே கேட் மூடியிருந்தால் குனிந்து உள்ளே நுழைகிறவர்களோடு நீயும் நுழையாதே. கூட இருக்கிற ரங்கம்மாளிடம் குழாயடி முறையை மாற்றிக் கேள், அவள் கேன்டீனுக்குப் பத்து மணிக்குத்தானே போகிறாள், காலைத் தண்ணீரை அவள் பிடிக்கட்டும், சாயங்காலத் தண்ணீரை நீ பிடி, ஏழே காலுக்கே கிளம்பினால் வேகமாக மிதிக்க வேண்டியதில்லை. மழை நாளில் மட்டும் டவுன் பஸ்ஸில் போ. ஆனால் போகவே வேண்டாம் என்று இனி சொல்லமாட்டேன். அந்த மொபெட்டுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீ நேரத்துக்குப் போய்ச் சேர யாரும் நிற்க வேண்டியதில்லை என்றால் அதுவே பெரிய விஷயம்.

இங்கே வேறு சேதி என்றால், புளி உலுக்கி முடிந்தது, உனக்குக் கொட்டை எடுத்துத் தனியாக உருட்டி வைத்திருக்கிறேன். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது. முறைச் சோறு நிறுத்தவில்லை, வந்து தங்குகிற மனுஷர்கள் பசியோடு படுக்கக்கூடாது. நேற்று ராத்திரி நம் முறைதான். சோறு போடும்போதே கொளஞ்சியப்பனிடம் சொன்னேன், சாப்பாடு எப்போதும் போல வரும், ஆனால் நம் வீட்டுக்காக இனி ஒரு நிமிஷம்கூட நிற்க வேண்டாம், ஐந்தே முக்கால் என்றால் ஐந்தே முக்கால், முனியன் உள்ளே உட்கார்ந்திருப்பான் என்று. அவர் சிரித்தார், எத்தனை நாளைக்கு என்று கண்டக்டர் கேட்டார். நான் அவர் இலையில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினேன்.

பங்குனிக் கடைசியில் என்ன முடிவு வந்தாலும் உடனே ஒரு கார்டு போடு, நல்லதாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். வேலை போனால் உலகம் போகாது, ஆனால் என்னால் போனது என்று இருந்தால் எனக்குத் தாங்காது, அதைத் தெரிந்துகொள். சித்திரைக்கு வா என்று கூப்பிட எனக்கு வாயில்லை. பலாக்காயில் ஒன்றை மரத்திலேயே விட்டிருக்கிறோம், அது பழுக்கும்போது பழுக்கட்டும். நீ நினைத்தபோது வா. கரிராமர் உன் ரோட்டில் முன்னால் போகட்டும், நீ நூறு வயசு நல்லா இருக்க வேண்டும். வெயிலில் மிதித்துவிட்டு உடனே குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே.

உன் அம்மா,
இருசம்மாள்.

பி.கு. கொளஞ்சியப்பன் எழுந்து என்ஜினைப் போட்டுவிட்டார். மடித்து ஒட்ட வேண்டும், செருப்பைக் காணோம். ஹாரன் அடிக்கவில்லை, சொன்னபடி செய்கிறார் போலிருக்கிறது. நான் கத்திக் கூப்பிடமாட்டேன், ஓடிப் பார்க்கிறேன். மேலே தேதி போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள். இது உனக்குப் புதன்கிழமை வந்தால் நான் ஓடிப் பிடித்துவிட்டேன் என்று அர்த்தம். வியாழக்கிழமை வந்தால், வண்டி எனக்காக நிற்கவில்லை என்று தெரிந்துகொள்.